பூனைக்கு உலை வைக்கும் முன்

பூனைக்கு வீட்டிலேயே சமைத்துப் போட வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். பாக்கெட் உணவில் என்ன கலந்திருக்கிறதோ என்ற பயம் சிலருக்கு. விலை கட்டுப்படியாகவில்லை என்ற கவலை சிலருக்கு. மருந்து உணவை வாயிலேயே வைக்காத நோயாளிப் பூனையை எப்படியாவது தேற்றிவிட வேண்டும் என்ற தவிப்பு இன்னும் சிலருக்கு. எல்லாமே நியாயமான காரணங்கள்தாம். நெடுங்காலம் சிறு பிராணிகளுக்கு மருத்துவம் பார்த்தவள் என்ற முறையில் நான் சொல்ல நினைப்பது இதுதான்: சமைப்பது நீங்களாக இருங்கள்; எதை எவ்வளவு போடுவது என்பதைக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் சொல்லட்டும். கீழே உள்ளவற்றை அடுப்பைப் பற்றவைக்கும் முன் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

1. பூனையின் உடம்பு வேறு என்பதை மனத்தில் நிறுத்துங்கள்.

சோறு, பருப்பு, காய், கறி என்று எதைத் தின்றாலும் நம் உடம்பு ஓரளவு சமாளித்துக்கொள்ளும். பூனை இறைச்சி தின்றே வாழும்படி அமைந்த பிராணி. கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை நம் உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும்; பூனையின் உடம்புக்கு அந்த வழி கிடையாது. எவ்வளவு நேரம் வெயிலில் படுத்துக் கிடந்தாலும் தேவையான வைட்டமின் டி அதன் தோலில் உண்டாகாது. நியாசினையும் அராக்கிடோனிக் அமிலத்தையும் போதுமான அளவு அது தானே செய்துகொள்வதில்லை. இவை எல்லாம் தீனி வழியாகத்தான் வந்தாக வேண்டும். இனிப்புச் சுவைகூட அதற்குத் தெரியாது. இனிப்பை உணர உதவும் மரபணு பூனைகளில் செயலிழந்து போயிருப்பதை பிலடெல்பியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தார் 2005-இல் கண்டறிந்தார்கள். ஆகவே, நமக்கு நல்லது என்பதால் அதற்கும் நல்லது என்று எண்ணி எதையும் தட்டில் வைக்காதீர்கள்.

2. டாரினைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் தொடங்காதீர்கள்.

டாரின் என்பது இறைச்சியிலும் மீனிலும் உள்ள ஓர் அமினோ அமிலம். பூனையின் கண்ணும் இதயமும் இதை நம்பியே இயங்குகின்றன. பால் புரதமான கேசினை மட்டுமே புரதமாகக் கொடுத்து வளர்த்த பூனைகளுக்கு விழித்திரை சிதைந்து போனதையும், அதற்கு டாரின் குறைவே காரணம் என்பதையும் ஹேய்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1975-இல் வெளியிட்டார்கள். பாலும் சோறும் போட்டே பூனை வளர்க்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

1987-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியோன் என்ற மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் இன்னொன்றைக் கண்டார்கள். இதயத் தசை தளர்ந்து, இதயம் பெருத்துப்போகும் நோயோடு வந்த பூனைகளின் இரத்தத்தில் டாரின் மிகக் குறைவாக இருந்தது. டாரின் கொடுக்கத் தொடங்கியதும் அந்த இதயங்கள் தேறின. அந்தப் பூனைகள் தின்றுவந்தது கடையில் விற்ற உணவு. அதன் பிறகுதான் நிறுவனங்கள் தங்கள் உணவில் டாரினைக் கூட்டின. ஆய்வுக்கூடம் வைத்திருந்தவர்களுக்கே அளவு தப்பியது என்றால், நம் கண்ணளவை எப்படி நம்புவது?

டாரின் தண்ணீரில் கரையும். கோழியை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் டாரினில் ஒரு பங்கு அதோடு போய்விடும். நெஞ்சுக்கறியில் குறைவு, தொடைக்கறியில் அதைவிட அதிகம், இதயத்தில் இன்னும் அதிகம். எந்தக் கறி, எப்படி வேகவைப்பது, மேற்கொண்டு எவ்வளவு டாரின் சேர்ப்பது என்பதெல்லாம் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியவை.

3. வெறும் கறி முழு உணவாகாது.

"பூனைதான் மாமிசம் தின்னும் பிராணியாயிற்றே, கறி மட்டும் போட்டால் போதாதா?" என்று கேட்பவர்கள் அதிகம். காட்டில் பூனை எலியை எலும்போடும் குடலோடும் தின்கிறது. நாம் கொடுப்பது எலும்பு நீக்கிய கறி. அதில் பாஸ்பரஸ் நிறைய, சுண்ணாம்புச் சத்து மிகக் கொஞ்சம். இரண்டும் ஏறத்தாழச் சமமாகவோ சுண்ணாம்பு சற்றுக் கூடுதலாகவோ இருக்க வேண்டிய இடத்தில், வெறும் கறியில் பாஸ்பரஸ் பதினைந்து இருபது மடங்கு இருக்கும். இரத்தத்தில் குறையும் சுண்ணாம்பை ஈடுகட்ட உடம்பு எலும்பிலிருந்தே உருவி எடுக்கும். குட்டிகள் இதில் சீக்கிரம் விழுந்துவிடும். முதலில் தாவுவதை நிறுத்தும், பிறகு நொண்டும், கட்டிலிலிருந்து குதித்தாலே கால் எலும்பு முறியும்.

சரி, முட்டை ஓட்டைப் பொடித்துப் போடலாமா, எலும்புத் தூள் போடலாமா? முட்டை ஓட்டில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்; எலும்புத் தூளில் சுண்ணாம்போடு பாஸ்பரஸும் சேர்ந்தே வரும். ஆரோக்கியமான பூனைக்கு ஒத்துப்போகும் எலும்புத் தூள், பாஸ்பரஸைக் குறைத்தாக வேண்டிய சிறுநீரக நோயாளிப் பூனைக்குக் கெடுதல் செய்யும். எந்தப் பூனைக்கு எது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

4. சத்தானது என்பதற்காக அள்ளிப் போடாதீர்கள்.

ஈரல் நல்ல உணவு. சிறிதளவு பூனைக்குத் தேவையும்கூட. தினமும் ஈரலே தீனி என்றால் வைட்டமின் ஏ உடம்பில் தேங்கும். மாதக்கணக்கில் தேங்கினால் கழுத்து முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். அந்தப் பூனையால் தலையைத் திருப்பித் தன் முதுகை நக்கிக்கொள்ளவும் முடியாது.

மீனும் அப்படித்தான். மத்தி, நெத்திலி குடும்பத்து மீன்கள் பலவற்றிலும் கெண்டையிலும் பச்சையாக இருக்கும்போது தயமினேஸ் என்ற நொதி உண்டு. அது வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். பச்சை மீனே தின்று வளரும் பூனை தலை மார்பில் சாய்ந்து, தள்ளாடி, வலிப்பு கண்டு விழலாம். வேகவைத்தால் நொதி அழியும். ஆனால் சூட்டில் பி1-ம் ஓரளவு போய்விடும் என்பதால் அதையும் கணக்கில் ஈடுகட்ட வேண்டும். எண்ணெய்ச் சத்துள்ள மீனையே எப்போதும் கொடுத்து வைட்டமின் இ குறைந்தால், உடலின் கொழுப்புத் திசு வீங்கி, தொட்டாலே பூனை வலியில் கத்தும்.

5. நம் தட்டில் மிஞ்சியதைப் பூனைச் சமையல் என்று எண்ணாதீர்கள்.

வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பச்சையாக இருந்தாலும் வெந்திருந்தாலும் பொடியாக இருந்தாலும் ஒன்றுதான். குழம்பில் கிடந்த மீனைத் தண்ணீரில் அலசிக் கொடுத்தாலும் உள்ளே ஊறியது போகாது. கருவாட்டில் உப்பு அதிகம். வெந்த எலும்பு ஊசியாக முறிந்து குடலைக் குத்தும். பால் பல பூனைகளுக்குச் செரிக்காது. செரிப்பவற்றுக்கும் அது சிறு தீனி இல்லை: 100 மில்லி பசும்பாலில் 60 கிலோகலோரிக்கு மேல் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே வாழும், கருத்தடை செய்த 4 கிலோ பூனைக்கு ஒரு நாள் முழுவதற்கும் ஏறத்தாழ 200 கிலோகலோரிதான் தேவை.

6. பச்சையாகக் கொடுப்பதைப் பற்றி மருத்துவரிடம் பேசாமல் முடிவெடுக்காதீர்கள்.

பச்சைக் கறியில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணி இருக்கலாம். பூனைக்கு மட்டுமன்றி வீட்டில் இருக்கும் கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் வயதானவருக்கும் அது ஆபத்து. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், பறவைக் காய்ச்சல் கிருமி கலந்த பச்சை வான்கோழி உணவைத் தின்ற வீட்டுப் பூனை ஒன்று இறந்தது. என் பரிந்துரை வேகவைத்த உணவுதான்.

7. அச்சில் இருக்கிறது என்பதற்காக ஒரு செய்முறையை நம்பாதீர்கள்.

புத்தகங்களிலிருந்தும் இணையத்திலிருந்தும் 114 பூனை உணவுச் செய்முறைகளைத் திரட்டி ஆராய்ந்த டேவிஸ் பல்கலைக்கழகத்தாரின் கட்டுரை 2019-இல் வெளிவந்தது. அவற்றில் 94 செய்முறைகளில்தான் கணக்குப் போடும் அளவுக்கு விவரமே இருந்தது. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் வகுத்த அளவுகளோடு ஒப்பிட்டபோது, எல்லாச் சத்துகளையும் போதுமான அளவு தந்த செய்முறை ஒன்றுகூட இல்லை. கால்நடை மருத்துவர்கள் எழுதியவற்றில் குறைகள் சற்றுக் குறைவு. அவற்றிலும் கோலின் போன்றவை விடுபட்டிருந்தன. பூண்டு, வெங்காயம் சேர்க்கச் சொன்ன செய்முறைகளும் இருந்தன.

"இன்று கோழி, நாளை மீன், மறுநாள் முட்டை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்பவர்கள் உண்டு. எல்லாவற்றிலும் ஒரே சத்து குறைந்திருந்தால் எத்தனை மாற்றினாலும் அந்தக் குறை அப்படியேதான் இருக்கும்.

8. மயிர் பளபளப்பதை வைத்து எடை போடாதீர்கள்.

"ஆறு மாதமாக இதைத்தான் தின்கிறது, நன்றாகத்தானே இருக்கிறது?" என்ற வாதத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கறியில் புரதமும் கொழுப்பும் இருப்பதால் மயிர் மினுங்கும். பூனை சுறுசுறுப்பாகவும் இருக்கும். டாரின் குறைவு கண்ணுக்குத் தெரிய மாதங்கள் ஆகும், சில பூனைகளில் அதற்கு மேலும் ஆகும். விழித்திரையில் ஒருமுறை அழிந்த பகுதி திரும்ப வராது. நோவை மறைத்துக்கொள்வது பூனையின் சுபாவம். அது படுத்துவிட்டது என்று நமக்குத் தெரியும்போது பெரும்பாலும் பாதி தூரம் போயிருக்கும்.

9. முதலில் உங்கள் பூனையின் மருத்துவரிடம் போங்கள். பிறகு ஊட்டச்சத்து நிபுணரிடம்.

இந்த வரிசையை மாற்ற வேண்டாம். உங்கள் மருத்துவர் எடை பார்ப்பார். உடல் வாகை 9 புள்ளி அளவுகோலில் மதிப்பிடுவார். 5 என்பது சரியான உடம்பு, விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்படும், துருத்திக்கொண்டு தெரியாது. தேவைப்பட்டால் இரத்தமும் சிறுநீரும் சோதிப்பார். வெளியே தெரியாத சிறுநீரக நோயோ தைராய்டு கோளாறோ இருந்தால் உணவே வேறாகிவிடும். இன்சுலின் போட்டுக்கொள்ளும் நீரிழிவுப் பூனைக்குச் சோற்றைக் குறைத்துக் கறியைக் கூட்டினால் இன்சுலின் தேவை இறங்கும். மருத்துவருக்குத் தெரியாமல் இதைச் செய்தால் சர்க்கரை அடியோடு இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

அதன் பிறகு நிபுணர். யார் வேண்டுமானாலும் தன்னை ஊட்டச்சத்து ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதால் படிப்பைக் கேளுங்கள்; கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கால்நடை மருத்துவம் முடித்து, அதற்கு மேல் ஊட்டச்சத்தில் சில ஆண்டுகள் பயிற்சி பெற்று, தேர்வெழுதிச் சான்று பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் தொலைவிலிருந்தும் ஆலோசனை தருகிறார்கள். பெரும்பாலும் உங்கள் மருத்துவர் வழியாகவே கேட்கச் சொல்வார்கள். நம் ஊரில், 1903-இல் தொடங்கி வேப்பேரியில் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் கால்நடை ஊட்டச்சத்துக்குத் தனித் துறையே உண்டு. அதில் முதுகலைப் பட்டம் பெற்றவர்களில் பலர் மாடு, கோழித் தீவனத்தில் வேலை செய்பவர்கள். பூனைக்கு உணவு வகுத்த அனுபவம் உண்டா என்று தனியாகக் கேளுங்கள். உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்றால், உங்கள் மருத்துவரையே ஒரு நிபுணரோடு பேசச் சொல்லிக் கேட்கலாம்.

10. கையில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

"எல்லாம் தின்னும் டாக்டர்" என்று சொன்னால் நிபுணரால் எதுவும் செய்ய முடியாது. ஒரு வாரத்துக்குப் பூனை தின்ற ஒவ்வொன்றையும் குறித்துவையுங்கள்: என்ன, எத்தனை கிராம், எத்தனை வேளை. பாட்டி வைக்கும் பால், பக்கத்து வீட்டு மீன் தலை, வெளியே பிடித்துத் தின்னும் பல்லி, எலி எல்லாம் அந்தப் பட்டியலில் வர வேண்டும். பாக்கெட் உணவு என்றால் பெயரோடு எழுதுங்கள். கொடுக்கும் மருந்துகள், சத்து மாத்திரைகள், சோதனை முடிவுகள், வயது, கருத்தடை ஆனதா, வீட்டுக்குள்ளேயே இருக்கிறதா என்பவற்றையும் சேருங்கள்.

உங்கள் நிலைமையையும் மறைக்காமல் சொல்லுங்கள். வாரத்துக்கு எத்தனை முறை சமைக்க முடியும், உறைபெட்டியில் எவ்வளவு இடம் இருக்கிறது, மாதம் எவ்வளவு செலவழிக்க முடியும், உங்கள் ஊர்ச் சந்தையில் என்ன கிடைக்கும் என்பதெல்லாம் தெரிந்தால்தான் நடைமுறைக்கு ஒத்துவரும் உணவை அவர் வகுக்க முடியும்.

11. கேள்வி கேட்கத் தயங்காதீர்கள்.

எந்த அளவுகோலை வைத்துக் கணக்கிட்டீர்கள் என்று கேளுங்கள். நல்ல நிபுணர் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2006 அளவுகள் என்றோ, ஐரோப்பிய, அமெரிக்க அமைப்புகளின் அளவுகள் என்றோ தெளிவாகச் சொல்வார். கிராம் கணக்கு பச்சைக் கறிக்கா வெந்த கறிக்கா? தோலோடா, தோல் நீக்கியா? வேகவைத்த தண்ணீரைச் சேர்ப்பதா? என்ன எண்ணெய், எத்தனை மில்லி? சத்துப்பொடியைக் கொதிக்கும்போது போடுவதா, ஆறிய பிறகா? ஒரு நாளைக்கு எத்தனை கிராம் வைப்பது? எத்தனை நாள் வைத்திருக்கலாம்? "கொஞ்சம் ஈரல், ஒரு சிட்டிகைப் பொடி" என்று மட்டும் எழுதித் தருபவரிடம் இரண்டாம் முறை போக வேண்டாம்.

12. எழுதிக் கொடுத்த செய்முறையை மருந்துச் சீட்டைப் போல நடத்துங்கள்.

சமையல் தராசு ஒன்று வாங்குங்கள். கரண்டி அளவும் கைப்பிடி அளவும் வேண்டாம். தொடைக்கறிக்குப் பதில் நெஞ்சுக்கறி, மீன் எண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் என்று நீங்களாக மாற்றாதீர்கள்; ஒன்றை மாற்றினால் கணக்கு முழுதும் மாறும். ஒரு பொருள் சந்தையில் கிடைக்கவில்லை என்றால் நிபுணரைக் கேளுங்கள். சத்துப்பொடி தீர்ந்துவிட்டால், அது வரும்வரை நல்ல பாக்கெட் உணவைக் கொடுங்கள். பொடி இல்லாமல் சமைத்து ஓட்டாதீர்கள். நமக்கான மல்டிவைட்டமின் மாத்திரையை உடைத்துப் போடவே கூடாது. அதில் பூனைக்கு வேண்டியது இல்லாமலும் வேண்டாதது மிகுந்தும் இருக்கலாம். வைட்டமின் டி மிகுந்தால் சிறுநீரகம் கெடும். கூடுதல் தின்பண்டம் ஒரு நாள் உணவின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

13. புதிய உணவுக்கு மெதுவாக மாற்றுங்கள். பட்டினி போட்டுப் பழக்காதீர்கள்.

பழைய உணவில் புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து, ஏழு முதல் பத்து நாள் வரை எடுத்துக்கொள்ளுங்கள். பிடிவாதக்காரப் பூனைக்கு இன்னும் அதிக நாள் ஆகும். "பசித்தால் தானே தின்னும்" என்று விட்டுவிடுவது பூனை விஷயத்தில் மிகப் பெரிய ஆபத்து. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாலே, குறிப்பாகப் பருத்த பூனைக்கு, உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்த் தேங்கிக் காமாலை வரும், உயிரும் போகலாம். ஒரு முழு நாள் எதையும் தொடவில்லை என்றால் மருத்துவரை அழையுங்கள். குட்டி என்றால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

14. மறுபடியும் போய்க் காட்டுங்கள்.

உணவை மாற்றிய சில வாரங்களில் எடை பார்க்க வேண்டும். அதன் பிறகு ஆண்டுக்கு இரண்டு முறையாவது சோதித்துக்கொள்வது நல்லது. நோயாளிப் பூனைக்கு மருத்துவர் சொல்லும் இடைவெளியில். குட்டிக்கு எழுதிய உணவு வளர்ந்த பூனைக்கு ஆகாது. வளர்ந்த பூனைக்கு எழுதியது சினையான பூனைக்கு ஆகாது. மூப்பு வந்தால் கணக்கை மறுபடியும் போட வேண்டும்.

15. முடியவில்லை என்றால் மனம் வருந்தாமல் பாக்கெட் உணவுக்குத் திரும்புங்கள்.

வேலை, பணம், உடல்நிலை என்று எதனாலோ சமைக்க முடியாமல் போகலாம். அரைகுறையாகச் சமைப்பதைவிடத் தரமான பாக்கெட் உணவு எத்தனையோ மேல். வாங்கும்போது உறையைப் படியுங்கள். எந்த வயதுப் பூனைக்கு அது முழுமையான, சமச்சீரான உணவு என்று அச்சிட்டிருக்க வேண்டும். துணை உணவு என்று போட்டிருந்தால் அதை மட்டுமே கொடுத்து வளர்க்க முடியாது. வீட்டில் மாமிசம் ஏறாத குடும்பங்களுக்கும் இதையே சொல்வேன். உங்கள் நெறியை நான் மதிக்கிறேன். தயிர்ச்சோற்றில் பூனை வாழாது என்பதை நீங்களும் ஏற்க வேண்டும். சமையலறையில் கறி வைக்க முடியாவிட்டால், மூடிய பாக்கெட் உணவே உங்கள் வீட்டுக்கும் உங்கள் பூனைக்கும் பொருந்திவரும் வழி.

16. உங்கள் செய்முறையை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள்.

உங்கள் பூனை தேறி வருவதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் கேட்பார்கள். நல்ல மனத்தோடு நீங்களும் எழுதிக் கொடுக்க நினைப்பீர்கள். அந்தக் கணக்கு உங்கள் பூனையின் எடைக்கும் வயதுக்கும் இரத்தச் சோதனைக்கும் போட்டது. அடுத்த வீட்டுப் பூனைக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. கேட்பவருக்கு உங்கள் மருத்துவரின் பெயரைக் கொடுங்கள். ஒரு வாரப் பட்டியலை எப்படி எழுதுவது என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். தேவைப்பட்டால் முதல் தடவை கூடவே போய்விட்டு வாருங்கள். அந்தப் பூனைக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அதுதான்.